படகு போகும் திசை

தனிஸ்லாஸ் பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் கையெழுத்துகளைச் சந்தேகப்பட்டுச் சம்பளம் வாங்கியவர். ஓய்வு பெற்றதும் செப்புத் தகட்டில் படம் செதுக்கி அச்செடுக்கக் கற்க மரகதவல்லியிடம் சேர்ந்தார். வேலை போனாலும் பழக்கம் போகவில்லை.

மரகதவல்லியின் 'படகு' பன்னிரண்டே பிரதி. அத்தனையும் எடுத்ததும், மேற்கொண்டு பிரதி எடுக்க முடியாதபடி தகட்டை வெட்டிவிடுவது தொழில் வழக்கம். போன வாரம் கண்காட்சித் திறப்பில் காபி குடிக்கும்போது தனிஸ்லாஸ் பேச்சுவாக்கில் சொன்னார்: "வெட்டினதை நான் பாத்ததில்லை." அவ்வளவுதான் சொன்னார். இரண்டே நாளில் பதின்மூன்றாவது பிரதி உலாவுவதாகப் பேச்சு கிளம்பிவிட்டது.

கண்காட்சிக்காரர்கள் கடிதம் அனுப்பினார்கள். வெட்டிய தகட்டைக் கண்ணால் கண்டதாக, மாணவரான தனிஸ்லாஸே கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் நாளை மரகதவல்லியின் படங்கள் அத்தனையும் சுவரிலிருந்து இறங்கும்.

தனிஸ்லாஸ் பேனாவைத் திறக்கவில்லை.

"எனக்கு மனசு ஒப்பல, டீச்சர்."

மரகதவல்லி பன்னிரண்டாவது பிரதியைக் காட்டினார். ஓரத்தில் பென்சிலில் 12/12 என்று எண் இருந்தது.

"நம்பர் நீங்களே போட்டதுதானே, டீச்சர்."

மரகதவல்லி, முன்பு தான் சினிமா எடுத்துக்கொண்டிருந்த காலத்துப் படச்சுருள் ஒன்றை ஓட்டினார். திரையில் அவர் கைகள் ஒரு தகட்டை நாலாக வெட்டின.

"இந்தத் தகடுதான்னு என்ன நிச்சயம்? முன்பக்கமே தெரியலையே."

"சரி, இங்க வாங்க."

இப்போதெல்லாம் அவர் பலகையில் துணி, ஆணி, காகிதம் என்று கலந்து ஒட்டுகிறார். ஒரு பலகை நடுவே நாலு செப்புத் துண்டுகளைச் சேர்த்து அறைந்திருந்தார். சேர்த்துப் பார்த்தால் படகு.

தனிஸ்லாஸ் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக் குனிந்தார். நிமிர்ந்து மரகதவல்லியைப் பார்த்தார். இரண்டு வருஷம் குருவென்று கும்பிட்ட ஆள்.

"பிரதியில படகு வலப்பக்கம் போகுது. இதுல இடப்பக்கம். வேற தகட்டைக் காட்டி ஏமாத்தாதீங்க, டீச்சர்."

மரகதவல்லி மேஜையிலிருந்த தனிஸ்லாஸின் சொந்தத் தகட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அச்சில் நேராக விழவேண்டும் என்று, அன்று காலையில்தான் தன் பெயரை அவரே அதில் இடவலம் மாற்றிச் செதுக்கியிருந்தார்.

தனிஸ்லாஸ் விரல் வைத்து அதை வலமிருந்து இடமாகப் படித்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"குடுங்க, போடுறேன்."

மரகதவல்லி கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டார்.

"நாளைக்குப் படமெல்லாம் இறக்கிடுவாங்களே, டீச்சர்."

"இறக்கட்டும், சார். அன்னைக்குக் காபி குடிச்சுக்கிட்டே ஒண்ணு சொன்னீங்களே, அது ஊரெல்லாம் பிரதி விழுந்துக்கிட்டிருக்கு. அதோட தகடு எங்க இருக்கு? முதல்ல அதை வெட்டுவோம்."