நேராக்கிய தகடு

"சாமி, இந்தப் பெட்டிக்கு நடுவிலே மட்டும் காது அடைச்சுப் போச்சு" என்றார் வைத்தியலிங்க ஓதுவார்.

சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்த வால்வு ரேடியோவை மடத்து மேசைமேல் இறக்கி வைத்தார். மூச்சு வாங்கியது.

கம்பிச் சாமி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அந்தச் சிறிய மடத்தின் கூரைமேல் ஏரியல் கம்பி கட்டிய நாளிலிருந்து ஊர் அவரை அப்படித்தான் கூப்பிட்டது. ராணுவத்தில் ஒயர்லெஸ் வேலை பார்த்துவிட்டுக் காவி கட்டியவர். ஓதுவாரைவிட வயதில் சின்னவர். தேவாரம் சொல்லிக் கொடுத்தே தலை நரைத்த ஓதுவார், திங்கள்கிழமை தவறாமல் சித்தாந்தப் பாடம் கேட்க இங்கே வந்து மாணவனாக உட்காருவார்.

இன்று திங்கள்கிழமை இல்லை.

"ஆறு மணிக்கு என் பொண்ணு பாடறா, சாமி. திருச்சி ரேடியோவிலே."

"மங்கையர்க்கரசியா?"

"அவளேதான். தவில்காரர் பக்கிரி வந்து சொன்னார். 'அப்பாவைக் கேட்கச் சொல்லுங்க'ன்னு அவர்கிட்டச் சொல்லி அனுப்பியிருக்கா."

அவள் வீட்டைவிட்டுப் போன பிறகு அவருக்கு அவளிடமிருந்து வந்த முதல் வார்த்தை அது.

"பஞ்சாயத்து ரேடியோ இருக்கே?"

"ஊர்க்காரங்க நடுவிலே நின்னு கேட்கச் சொல்றீங்களா?"

ஓதுவார் மடத்துக்குள் சுற்றிப் பார்த்தார்.

"மடத்து ரேடியோ என்னாச்சு?"

அடுப்படியிலிருந்து சமையல்காரி செல்லத்தாயி பதில் சொன்னாள். "அதை இடி தின்னுட்டுது. கம்பிதான் மிச்சம். சாமி அதிலே காவி காயப்போடுறார்."

சாமி சிரித்துக்கொண்டே அந்தக் கம்பியின் நுனியை ஓதுவாரின் பெட்டியில் சொருகினார். மின்சாரம் கொடுத்தார். வால்வுகள் மெல்லச் சிவந்தன.

திருகைத் திருப்பினார். ஒரு ஓரத்தில் யாரோ உரம் போடும் முறை சொல்லிக்கொண்டிருந்தார். மறு ஓரத்தில் புல்லாங்குழல். நடுவில் ஓட்டுமேல் மழை கொட்டுகிற மாதிரி இரைச்சல், வேறு ஒன்றுமில்லை.

"ரெண்டு ஓரமும் பேசுது. அப்போ வால்வு பழுதில்லை. ஏரியலும் சரி."

நிலையம் காட்டுகிற முள்ளை இழுக்கும் நூலை விரலால் தொட்டுப் பார்த்தார். நூல் வழுக்கவில்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பின்பக்கத்து அட்டையைக் கழற்றினார்.

உள்ளே எல்லாம் பளபளவென்று இருந்தது.

"யார் துடைச்சது?"

"நான்தான். பக்கிரி சொல்லிட்டுப் போனதும் பிரிச்சுத் துடைச்சேன். அவ குரல் சுத்தமாக் கேட்கணுமே."

"துடைச்சதோட விட்டீங்களா?"



நிலையம் பிடிக்கிற திருகைத் திருப்பினால், உள்ளே ஒரு கொத்துத் தகடுகள் இன்னொரு கொத்துக்குள் விசிறி மடங்குவது போலப் போய் நுழையும். ஓதுவார் அதைச் சுட்டிக் காட்டினார்.

"இதிலே கடைசித் தகடு துண்டு துண்டாக் கீறிக் கிடந்தது, சாமி. ஒரு துண்டு இப்படி வளைஞ்சு, ஒரு துண்டு அப்படி வளைஞ்சு. பார்க்கவே சகிக்கலை. இடுக்கியாலே பிடிச்சு நேராக்கிட்டேன்."

"கோணலா இருந்துதா, கோணலா வச்சிருந்தாங்களா?"

ஓதுவாருக்குப் புரியவில்லை.

"பெட்டியைச் செஞ்ச இடத்திலே ஒருத்தன் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டு வளைச்சது அது. எந்தத் துண்டை எவ்வளவு சாய்ச்சா எந்த இடம் பேசும்னு பார்த்து வளைச்சிருக்கான்."

"எனக்கு யாரும் சொல்லலையே."

"பெட்டி நல்லாப் பாடிக்கிட்டுத்தானே இருந்தது?"

ஓதுவார் தரையைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "திரும்ப வளைக்க முடியுமா?"

"வளைக்கலாம். அவன் வளைச்ச மாதிரி வராது. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. இனிமே முள் காட்டுற இடத்தை நம்ப முடியாது. காதைத்தான் நம்பணும். நான் வளைக்கறேன். நீங்க கேட்டுச் சொல்லுங்க."

மறுபடி மின்சாரம் கொடுத்துவிட்டு, மூங்கில் குச்சி ஒன்றைச் சீவி எடுத்துக்கொண்டார். தகட்டின் ஒரு துண்டை மயிரிழை அளவு தள்ளுவார். திருகைத் திருப்புவார். ஓதுவாரின் முகத்தைப் பார்ப்பார்.

"இல்லை, சாமி."

இன்னொரு துண்டு.

"இப்போ கொஞ்சம் பேச்சுக் குரல் மாதிரி… இல்லை, போச்சு."

சுவர்க் கடிகாரம் ஆறு அடித்தது. ஓதுவார் எழுந்து நின்றார், மறுபடி உட்கார்ந்தார்.

"ஆரம்பத்திலே பேரைச் சொல்லியிருப்பாங்க. அது போச்சு" என்றார் சாமி, தலை நிமிராமல்.

"பேர் எதுக்கு? எனக்கு அவ குரல் தெரியும். ஆயிரம் பேர் பாடினாலும் தனியாத் தெரியும்."

"அப்படியென்ன அடையாளம்?"

"ஒவ்வொரு அடி முடியும்போதும் குரலைக் கொஞ்சம் குழைச்சு இறக்குவா. பண்ணிலே அது கிடையாது. நான் சொல்லிக் கொடுத்ததும் கிடையாது. அவ அம்மா தொட்டில்லே போட்டுப் பாடினப்போ ஒட்டிக்கிட்டது."

குச்சி நின்றது.

"அதை எடுக்கறதுக்கு நான் பட்ட பாடு! தாளம் போட்ட கையாலேயே குட்டினேன். அழ அழத் திரும்பப் பாடச் சொன்னேன். அம்மா போன பிறகு அது இன்னும் கூடிப்போச்சு. கடைசியிலே, அந்தக் குழைவை விடு, இல்லேன்னா இந்த வீட்டிலே வாயைத் திறக்காதேன்னு சொல்லிட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலை. திருச்சியிலே மாமன் வீட்டுக்குப் போயிட்டா."

சாமி குச்சியை மறுபடி உள்ளே விட்டார்.

"இப்போ அந்தக் குழைவை ஒரு தடவை கேட்டாப் போதும், சாமி" என்றார் ஓதுவார். அது அவருக்கே கேட்காத குரலில் வந்தது.

இரைச்சல் விலகியது.

ஒரு பெண் தேவாரம் பாடிக்கொண்டிருந்தாள். கணீரென்ற குரல். ஒவ்வொரு சொல்லும் அதனதன் இடத்தில் விழுந்தது. அடி முடிந்த இடத்தில் கத்தரித்தாற்போல நின்று, அடுத்த அடியில் தொடங்கியது.

ஓதுவார் பெட்டியோடு காதை ஒட்டிக்கொண்டார். ஓர் அடி முடிந்தது. இன்னோர் அடி முடிந்தது. காதை எடுத்தார்.

"இது இல்லை. தள்ளுங்க."

"முள் திருச்சிக்குப் பக்கத்திலேதான் நிக்குது."

"முள்ளை நம்பாதேன்னு நீங்கதானே சொன்னீங்க? இது மெட்ராஸா இருக்கும்."

செல்லத்தாயி முறத்தோடு வாசற்படியில் வந்து நின்றிருந்தாள். "நல்லாத்தானே படிக்குது அந்தப் பொண்ணு. இதையே விடுங்களேன்."

"என்னத்தை நல்லா? அச்சிலே வார்த்த மாதிரி இருக்கு. உயிரே இல்லை. எவன்கிட்டயோ பயந்து பயந்து கத்துக்கிட்டிருக்கு."

சாமி திருகின்மேல் வைத்த கையை அசைக்காமல் இருந்தார்.

"நிச்சயமா இது இல்லையா, ஓதுவாரே?"

"பெத்தவனுக்குத் தெரியாதா? தள்ளுங்க சாமி, நேரம் போகுது."

சாமி தள்ளினார்.

பக்கத்தில் ஒரு நாடகம் ஓடியது. அதற்கப்பால் மொழி தெரியாத யாரோ செய்தி வாசித்தார். அதற்கப்பால் புல்லாங்குழல். திரும்பி வந்தார். மேலும் ஒரு துண்டை வளைத்தார். புதிதாக ஒரு நிலையம் முளைத்தது. அதில் பம்புசெட் விளம்பரம்.

"இன்னும் கொஞ்சம்" என்றார் ஓதுவார். "இதுக்கு நடுவிலேதான் எங்கேயோ இருக்கா. இன்னும் கொஞ்சம்."

அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒவ்வொரு முணுமுணுப்புக்கும் கையை உயர்த்தினார். ஒவ்வொரு தடவையும் தாழ்த்தினார்.

சாமி திருகை மெல்லப் பின்னோக்கித் திருப்பினார். பழைய இடம் வந்தது. பாட்டு முடிந்திருந்தது. தம்பூராவின் கடைசி ரீங்காரம் அடங்கிக்கொண்டிருந்தது. அறிவிப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"திருச்சி வானொலி நிலையம். இதுவரை தேவாரம் கேட்டீர்கள். பாடியவர் வை. மங்கையர்க்கரசி."

பிறகு வெங்காய விலை சொன்னார்கள்.

செல்லத்தாயி முறத்தை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வெங்காயம் முடிந்து மிளகாய் வந்தது. ஓதுவார் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு பிழைகூட இல்லையே, சாமி" என்றார்.

"இல்லை" என்றார் சாமி.