கருவேலம்பாடி யானை

ஊர்ச் செலவையெல்லாம் அரண்மனையில் உட்கார்ந்தபடியே ஓலையில் எழுதி அனுப்பிய முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். அவருக்கு ஒருநாள் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது. வருஷா வருஷம் நாட்டிலுள்ள அறுபது ஊர்களுக்கும் பணம் போகிறது. ஓர் ஊராவது உருப்பட்டதாகத் தெரியவில்லையே, ஏன்?

சபையைக் கூட்டிக் கேட்டார். சிலர் மழையைக் குறை சொன்னார்கள். சிலர் சனங்களின் சோம்பலைச் சொன்னார்கள். விகடகவி ஏகாம்பரம் மட்டும், "மன்னா, இங்கே எழுதுவது ஒன்று, அங்கே இருப்பது ஒன்று. இரண்டும் இதுவரை சந்தித்துக்கொண்டதில்லை" என்றார்.

ராஜாவுக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. ஒன்று பிடித்துவிட்டால் உடனே ஓர் ஆணை போடுவது அவர் வழக்கம். "அப்படியானால் இனிமேல் ஓலையில் எழுதியது எழுதியபடி நடக்க வேண்டும். எழுதாத காரியம் எதுவும் நடக்கக் கூடாது. ஊரும் முன்னைவிட நன்றாக இருக்க வேண்டும்" என்றார்.

பண்டார அதிகாரி தில்லைவிடங்கர் எழுந்து நின்றார். ஊர்களின் செலவு ஓலையை எழுதுவதும், ஆண்டுக்கொருமுறை நேரில் போய்ப் பார்த்துக் கையெழுத்து வைப்பதும் அவர் பொறுப்பு. ஏகாம்பரம் வாயைத் திறந்தாலே முகத்தைச் சுளிக்கிறவர், அன்றைக்குச் சிரித்த முகமாக இருந்தார்.

"மன்னர் பெருமானே, இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவரையே ஓர் ஊருக்கு அனுப்பிப் பார்க்கலாமே. கருவேலம்பாடி இருக்கிறது. நான்கு மாதம் போதும். மற்ற ஊர்களுக்கு அதுவே முன்மாதிரி ஆகிவிடும்."

"நல்ல யோசனை" என்றார் ராஜா. "ஏகாம்பரம், எழுதியதில் ஒன்று குறைந்தாலும், எழுதாதது ஒன்று நடந்தாலும், உமக்குச் சபையிலும் இடமில்லை, நாட்டிலும் இடமில்லை."

சபை கலைந்ததும் தில்லைவிடங்கர் தம் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, ஏகாம்பரத்துக்குத் தம் கையாலேயே ஒரு சுருள் மடித்துக் கொடுத்தார். பத்து வருஷத்தில் அதுதான் முதல் தடவை. ஏகாம்பரம் கும்பிட்டு வாங்கி மடியில் செருகிக்கொண்டார். மெல்லவில்லை.

மறுநாள் காலையில் வண்டி கிளம்பியது. உதவிக்கு என்று சொல்லித் தில்லைவிடங்கர் தம் கணக்கர் உலகநாதனையும் கூட அனுப்பியிருந்தார். வண்டியில் ஏறியதும் அவர் ஒரு வெற்று ஓலையை எடுத்து, 'ஏகாம்பரம் வண்டியில் ஏறினார்' என்று எழுதினார். யாருக்காக எழுதுகிறார் என்று ஏகாம்பரம் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

வழி நெடுக ஏகாம்பரம் கருவேலம்பாடியின் செலவு ஓலையை மூன்று முறை படித்தார். எங்கேயோ ஒரு வில்லங்கம் இருக்கிறது என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. கோயில் விளக்கு, காவல்காரன் கூலி என்று சில்லறைச் செலவுகள். பெரிய செலவு இரண்டுதான். ஒன்று, 'ஊர் யானைக்கு நாள்தோறும் ஏரியிலும் வாய்க்காலிலும் இரண்டு வண்டிப் புல் அறுத்துக் கொட்டிலில் போடுக. ஆள் நான்கு.' மற்றொன்று, 'ஏரிப் படகை எப்போதும் மிதக்க வைத்திருக்க. ஆள் எட்டு. மாதக் கடைசியில் அதிகாரி படகேறிச் சுற்றி வந்து பார்வையிடுக.' அடியில் தில்லைவிடங்கரின் கையெழுத்து: 'போன ஆண்டு நேரில் கண்டோம். யானை நலம். சற்றுப் பருத்திருப்பதால் புல் ஒரு வண்டி கூட்டப்பட்டது.' அதற்கும் கீழே ராஜமுத்திரை.

இதில் என்ன பொறி என்று அவருக்கு விளங்கவில்லை, ஊருக்குள் வண்டி நுழையும்வரை.

ஏரி இருந்தது, தண்ணீர் இல்லை. கோரைப்புல் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. படகு மணலில் கவிழ்ந்து கிடக்க, அதன் அடியில் கோழி அடைகாத்தது. பெண்கள் குடத்தோடு அடுத்த ஊருக்கு நடந்துகொண்டிருந்தார்கள். யானைக் கொட்டிலிலிருந்து புகை வந்தது. ஏகாம்பரம் எட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு பெண் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். பெயர் மாரக்காள்.

"யானை எங்கேம்மா?"

அவள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள். வந்தவரையும் அவர் பின்னால் நின்ற கணக்கரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நல்லாருக்குங்க" என்றாள்.

"எங்கே இருக்கிறது என்றுதான் கேட்டேன்."

"நல்லாருக்குன்னு சொல்லிட்டேனே சாமி. வருசா வருசம் இதைத்தான் கேக்குறாங்க, இதைத்தான் சொல்றோம்."

உலகநாதனைப் படகு கிடந்த இடத்தை அளந்து எழுதிவரச் சொல்லி அனுப்பிவிட்டு, ஏகாம்பரம் அங்கேயே தரையில் உட்கார்ந்தார். அடுப்புக்கு ஒவ்வொரு சுள்ளியாக எடுத்துக் கொடுத்தார். கடைசியில் மாரக்காளே வாயைத் திறந்தாள்.

"செத்துப் பதினோரு வருசம் ஆச்சுங்க. வீடு இடிஞ்சு போய் நான் இதுக்குள்ள குடிவந்தே ஒம்பது வருசம்."

"அதிகாரி வந்து பார்க்கவில்லையா?"

"அவரு வண்டி அந்தப் புளியமரத்தோட நின்னுரும். உங்ககூட வந்தாரே, அவருதான் எறங்கி வந்து யானை நல்லாருக்கான்னு கேப்பாரு. இல்லைன்னு சொன்னா புல்லறுக்குற நாலு பேரு கூலியும் நின்னுரும், படகுக்காரங்க எட்டுப் பேரு கூலியும் போயிரும். நானும் தெருவுல நிக்கணும். நீங்க அதை நிறுத்தத்தான வந்திருக்கீங்க?"

இப்போது பொறி முழுசாகத் தெரிந்தது. யானை இல்லை என்றால் எழுதியது நடக்கவில்லை என்பார்கள். இருக்கிறது என்றால் பொய் சொன்னார் என்பார்கள். ஏரியைத் தூர்வாரலாம் என்றால் அது ஓலையில் இல்லை. ஊரோ, வந்தவன் கூலியை வெட்ட வந்தவன் என்று கதவைச் சாத்திக்கொள்கிறது.

"கூலி நிற்காது" என்றார் ஏகாம்பரம். "ஆனால் வேலை நடக்கும்."

மாரக்காள் அதை நம்பினதாகத் தெரியவில்லை.

மறுநாள் பன்னிரண்டு பேரையும் ஏரிக்கரைக்கு வரச்சொன்னார். வேண்டாவெறுப்பாக வந்து நின்றார்கள். நான்கு பேரிடம் அரிவாளைக் கொடுத்து, ஏரிக்குள்ளும் வரத்து வாய்க்காலிலும் மண்டிய கோரையை நாளுக்கு இரண்டு வண்டி அறுக்கச் சொன்னார்.

உலகநாதன் எழுத்தாணியை நிறுத்தினார். "யானை இல்லையே. யாருக்குப் புல்?"

"அறுக்க எழுதியிருக்கிறது, அறுக்கிறோம். கொட்டிலில் போட எழுதியிருக்கிறது, போடுகிறோம். யானை தின்ன வேண்டும் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா, பார்த்துச் சொல்லும்."

கணக்கர் ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுதியிருக்கவில்லை. கொட்டில் முற்றத்தில் போட்ட புல்லை ஊர் மாடுகள் வந்து தின்றுவிட்டுப் போயின. மாட்டை விரட்ட ஓலையில் ஆள் கிடையாது.

மற்ற எட்டுப் பேரையும் படகருகே கூட்டிப்போனார். "இது மிதக்க வேண்டும். தண்ணீர் வரும்வரை படகைச் சுற்றித் தோண்டுங்கள்."

"தூர்வாருவது ஓலையில் இல்லை" என்றார் உலகநாதன், சற்றுத் தெம்பாக.

"யார் தூர்வாருகிறார்கள்? நாங்கள் படகை மிதக்க வைக்கிறோம். அப்படியே எழுதிக்கொள்ளும்."

முதல் வாரம் ஊரார் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்கள். கூலி நாளன்று முழுக் கூலியும் கைக்கு வந்ததும் கொஞ்சம் கிட்டே வந்தார்கள். இரண்டு ஆள் ஆழத்தில் ஊற்று கண் திறந்தபோது குடத்தோடு வந்தார்கள். மாதக் கடைசியில் ஏகாம்பரம் படகேறி அந்தக் குழிக்குள்ளேயே ஒரு வட்டம் சுற்றி வந்தார். எட்டுப் பேரும் சிரித்துவிட்டு, மறுநாள் இன்னும் அகலமாக வெட்டினார்கள். ஐப்பசி மழை வந்தது. கோரை போன வாய்க்கால் வழியே தண்ணீர் தடையில்லாமல் வந்து பாதி ஏரியை நிறைத்தது.

தை பிறந்ததும் ராஜா வந்தார். கூடவே தில்லைவிடங்கரும் வந்தார். ராஜா படகேறி ஏரியைச் சுற்றினார், தண்ணீரை அள்ளிக் குடித்தார், குடம் சுமந்த பெண்களைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"மன்னா, அவசரப்பட வேண்டாம்" என்றார் தில்லைவிடங்கர். "நான்கு மாதமாக இரண்டு வண்டிப் புல் அறுத்ததாகக் கணக்கு இருக்கிறது. எந்த யானைக்கு? இந்த ஊரில் யானையே இல்லை."

ஏகாம்பரம் இதற்காகத்தான் நான்கு மாதமாகக் காத்திருந்தார். "இல்லையா? நேரில் கண்டோம், நலம், பருத்திருக்கிறது என்று தாங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள்?" என்று ஓலையை ராஜாவிடம் நீட்டினார்.

ராஜா படித்தார். நிமிர்ந்து பண்டார அதிகாரியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மலர்ச்சி எதுவும் இல்லை.

தில்லைவிடங்கர் தடுமாறவில்லை. "ஆம் மன்னா, போன ஆண்டு நான் பார்த்தபோது இருந்தது. இவர் வந்த பிறகுதான் இல்லை. யானையைக் கொன்றாரோ, விற்றாரோ, அதை விசாரிக்க வேண்டும்."

காவலர் இரண்டு பேர் ஏகாம்பரத்தின் பக்கம் நகர்ந்தார்கள். இந்தப் பதிலை அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. அரசு யானையைக் கொன்றவனுக்கு என்ன தண்டனை என்று எல்லாருக்கும் தெரியும்.

"ஒரே ஒரு கேள்வி" என்றார். "தாங்கள் யானையை எங்கே வைத்துப் பார்த்தீர்கள்?"

"கொட்டிலுக்குள்தான்."

"உள்ளே போனீர்களா?"

"போனேன். துதிக்கையைத் தடவிக்கூடக் கொடுத்தேன்."

"அப்படியா. அப்போது அடுப்பில் என்ன குழம்பு கொதித்தது?"

தில்லைவிடங்கருக்கு ஒன்றும் புரியவில்லை. "யானைக் கொட்டிலில் ஏது குழம்பு?" என்றார்.

ஏகாம்பரம் அதற்குமேல் பேசவில்லை. கூட்டத்தின் பக்கம் திரும்பவும் இல்லை. மாரக்காள் உள்ளதைச் சொன்னால் அவள் வீடு போய்விடலாம். அந்தச் சொல்லை அவளிடமிருந்து அவர் பிடுங்க முடியாது.

கூட்டம் விலகியது. மாரக்காள் முன்னால் வந்தாள். காவலரை ஒருமுறை பார்த்தாள். ஆனாலும் சொன்னாள். "ஒம்பது வருசமா அதுக்குள்ள நான் குடியிருக்கேன் மகராசா. பத்து முழத்துக்குப் பத்து முழம் இடம். பாதியில சுவரு வேற வச்சிருக்கேன். யானை நின்னிருந்தா நான் எங்க படுத்திருப்பேன்? இந்த ஐயா எறங்கி வந்ததே இல்ல. வண்டி புளியமரத்தோட நின்னுரும். வேணும்னா அவுக கணக்கரைக் கேளுங்க."

உலகநாதன் தலையைக் குனிந்துகொண்டார். ராஜா கேட்டதும், "உண்மைதான் மன்னா" என்றார், ராஜாவுக்கு மட்டும் கேட்கும் குரலில்.

ராஜா கொட்டிலுக்கே போனார். உள்ளே நுழைந்தார். அடுப்பு, சுவர், கொடியில் காயும் புடவை எல்லாவற்றையும் பார்த்தார். கையிலிருந்த ஓலையை மறுபடி படித்தார். 'சற்றுப் பருத்திருப்பதால்' என்ற இடம் வந்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"செத்த பிறகும் பருத்த யானை" என்றார் கண்ணைத் துடைத்தபடி. "அதற்குக் கீழே எம் முத்திரை வேறு. படிக்காமல் வைத்தது எம் தவறு."

பிறகு தில்லைவிடங்கர் பக்கம் திரும்பினார். "நீர் தடவிக் கொடுத்த யானையை யாமும் பார்க்க வேண்டும். அதைத் தேடிப் பிடித்துக் கூட்டி வாரும். அதுவரை சபைக்கு வர வேண்டாம்."

கொட்டில் மாரக்காளுக்கே என்று அங்கேயே பட்டயம் எழுதினார்கள். பன்னிரண்டு பேரின் கூலி இனி ஏரிக் காவல் கூலி என்று ஓலையில் ஏறியது. அடுத்த ஆண்டு முதல் அறுபது ஊர் ஓலையும் அந்தந்த ஊர் ஏரிக்கரையில், ஊரார் முன்னிலையில்தான் எழுதப்பட வேண்டும் என்று ஆணை போயிற்று.

ராஜா ஒரு பட்டுப் பையை ஏகாம்பரத்தின் கையில் வைத்தார். "ஆயிரம் பொன். எண்ணிக் கட்டியது பண்டாரத்தில்" என்றார்.

ஏகாம்பரம் பையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு கீழே உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்து, ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார். ராஜா மறுபடி சிரிக்க ஆரம்பித்தார்.