ஜிஞ்சர் பீர் எங்கே ஏறியது?

சேர்வராயன் மலையில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே தில்லையம்மையின் ஆசிரமம் இருந்தது. ஆசிரமம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டுக் கூரை, நாலைந்து அறை, ஒரு கிணறு, அவ்வளவுதான். அம்மைக்கு வயது நாற்பது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த பொன்னுரங்கத்துக்கு அறுபது.

பொன்னுரங்கம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் வாய் போகவில்லை. எதைப் பார்த்தாலும் எங்கே ஏறியது, எங்கே இறங்கும் என்று கேட்காமல் அவரால் இருக்க முடியாது. ஆசிரமத்துப் பூனையைப் பற்றிக்கூட விசாரித்து வைத்திருந்தார்.

வருகிற அமாவாசையன்று அவருக்குக் காவி கொடுப்பதாக முடிவாகியிருந்தது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. காவி வாங்குமுன் ஓடையில் இறங்கி, அப்பன், பாட்டன், பூட்டன் பெயர்களைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட வேண்டும். அதைச் செய்யாதவர்களுக்குக் காவி இல்லை.

ஒரு மத்தியானம் பொன்னுரங்கம் அம்மையிடம் வந்து நின்றார்.

"அம்மா, எனக்குச் சொல்றதுக்குப் பேர் இல்லீங்க."

"ஒண்ணுகூடவா?"

"மாவு மில் வாசல்ல கிடந்தவன் நான். மில்லுக்காரர், அய்யாவுன்னு பேரு, அவர்தான் எடுத்து வளர்த்தார். கல்யாணமே பண்ணிக்காத மனுஷன். அப்பான்னுதான் கூப்பிட்டேன். போன வருஷம் அவர் போனப்போ, பங்காளிங்க கொள்ளிச்சட்டியை என் கையிலேர்ந்து வாங்கிட்டாங்க. ரத்த சம்பந்தம் இல்லாதவன் வைக்கக் கூடாதாம். ஓரமா நின்னு பார்த்துட்டு வந்தேன்."

தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பெத்தவங்க யாருன்னு கண்டுபிடிச்சாத்தான் நான் ஓடையில இறங்க முடியும். எங்கேன்னு போய்த் தேடட்டும்?"

அம்மை உள்ளே போய் ஒரு டம்ளரைக் கொண்டுவந்து நீட்டினார்.

பொன்னுரங்கம் ஒரு வாய் குடித்தார். முதலில் இனித்தது. நாலு வீடு தள்ளி நின்றிருந்த காரம் ஓடிவந்து தொண்டையைப் பிடித்தது. காற்று மூக்கு வழியாக ஏறியது, கண்ணில் தண்ணீர் வந்தது. கடைசியில், குருவின் முன்னால் விடக் கூடாத அளவுக்குப் பெரிய ஏப்பம் ஒன்றும் வந்தது.

"என்னம்மா இது?"

"ஜிஞ்சர் பீர்."

டம்ளர் சட்டென்று தரைக்குப் போனது. "பீரா! ஆசிரமத்துலயா?"

"பேருதான் பீர். இதுல போதை ஏறணும்னா அண்டா அண்டாவாக் குடிக்கணும். அதுக்குள்ள வயிறு வெடிச்சுடும்."

பொன்னுரங்கம் சரிபார்ப்பதற்காக இன்னொரு வாய் குடித்தார். மூன்றாவது வாய்க்கு அவருக்குக் காரணம் தேவைப்படவில்லை.

"நல்லா இருக்கே! எங்கே ஏறினதும்மா இது?"

அம்மை அடுப்படிக்குக் கூட்டிப்போய் ஒரு பீங்கான் ஜாடியைத் திறந்து காட்டினார். கலங்கிய தண்ணீர், துருவிய இஞ்சி, மேலே பொடிப்பொடியாகக் குமிழி. காதைக் கிட்டே வைத்தால் உஸ் உஸ் என்று சத்தம் கேட்டது.

"இதைச் செடின்னு சொல்வாங்க" என்றார் அம்மை. "தயிருக்கு உறைமோர் இருக்கில்ல, அந்த மாதிரி. தினமும் கொஞ்சம் இஞ்சியும் சர்க்கரையும் போட்டு வளர்க்கணும். ஜாடி நிறைஞ்சா பாதியை யாருக்காவது குடுத்துடணும். இதுல கொஞ்சம் எடுத்து, எலுமிச்சையும் சர்க்கரைத் தண்ணியும் சேர்த்து பாட்டில்ல மூடி வெச்சா, நீங்க குடிச்சது."

"உங்களுக்கு யாரு குடுத்தா?"

"பேக்கரி சவரிமுத்து."

"அவருக்கு?"

"போய்க் கேளுங்க. இதோட பூர்வீகத்தைக் கண்டுபிடிச்சுட்டு வாங்க. அப்புறம் உங்களோடதைத் தேடலாம்."

பொன்னுரங்கம் அப்போதே செருப்பை மாட்டிக்கொண்டார்.

சவரிமுத்து ரொட்டித் தட்டை இறக்கிவைத்துவிட்டுப் பெருமையாகச் சொன்னார். "செடியைக் குடுத்தது பங்களாச் சமையல்கார வேலம்மாள். ஆனா ருசி நம்மளோடது. எலுமிச்சையும் கிராம்பும் நான் சேர்த்தது. அதுக்கு முன்னாடி அது வெறும் இஞ்சித் தண்ணி."

வேலம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "சவரிமுத்து அப்படியா சொன்னான்? கருப்பட்டியும் மிளகும் போட்டுத் தேத்தினது நானுங்க! கிளாரா டீச்சர் குடுத்தப்போ சோம்பிப் போய்க் கிடந்துச்சு."

கிளாரா டீச்சர் ஆங்கிலோ இந்தியர், ஊர்ப் பேச்சில் சட்டைக்காரி. சர்ச்சுக்குப் பின்னால் தனியாக இருந்தார். பொன்னுரங்கத்தை உட்காரவைத்து கேக் கொடுத்தார்.

"எங்க மம்மிக்கு சர்ச்சுல பக்கத்துல உட்கார்ற லேடி குடுத்தாங்க. அவங்களுக்கு யாரோ ஒரு சோல்ஜர் குடுத்தானாம்."

"அந்த சோல்ஜருக்கு?"

"ஹூ நோஸ்? சீமையிலேர்ந்து கப்பல்ல கொண்டு வந்திருப்பான். இல்லேன்னா இங்கேயே இஞ்சியைப் போட்டு உண்டாக்கியிருப்பான்."

"சீமையில இஞ்சி விளையுமா டீச்சர்?"

"விளையாது. நம்ம பக்கத்துலேர்ந்துதான் போயிருக்கும்."

"அப்போ இங்கே ஏறி, அங்கே இறங்கி, திரும்ப இங்கேயே வந்துச்சா? ரிட்டர்ன் டிக்கெட்டா?"

"அந்த சோல்ஜரைத்தான் கேக்கணும்" என்று டீச்சர் சிரித்தார். "அவன் செத்தே எத்தனையோ காலம் ஆச்சு."

பொன்னுரங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. வழி பாதியில் அறுந்துபோனது அவருக்குப் பொறுக்கவில்லை. மலையேறி வரும்போதே ஒரு யோசனை தோன்றியது. எலுமிச்சை சவரிமுத்து போட்டது, கருப்பட்டி வேலம்மாள் போட்டது. தினமும் போடும் இஞ்சியும் சர்க்கரையும்கூட அவ்வப்போது வந்தவைதான். இதையெல்லாம் கழித்துவிட்டால் மிஞ்சுவது அந்த சோல்ஜரின் செடியாகத்தானே இருக்க வேண்டும்?

ஆசிரமத்துக்கு வந்ததும் ஜாடியிலிருந்து பாதியைத் துணியில் வடிகட்டினார். இஞ்சித் துருவலை வீசினார். இனிப்புத் தண்ணீரை மேலாக இறுத்துக் கொட்டினார். அடியில் தங்கிய வெள்ளை மண்டியை மட்டும் ஒரு கண்ணாடிப் புட்டியில் எடுத்து, வெறும் தண்ணீர் ஊற்றி ஜன்னலில் வைத்தார்.

"என்ன செய்யறீங்க?" என்றார் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மை.

"அசலைத் தனியாப் பிரிக்கிறேன்மா."

அம்மை தலையை ஆட்டிவிட்டுக் கீரையைத் தொடர்ந்தார்.

முதல் நாள் ஒன்றிரண்டு குமிழி வந்தது. பிறகு அதுவும் இல்லை. பொன்னுரங்கம் விடிந்ததும் போய்ப் புட்டியைப் பார்ப்பார், சாப்பிட்டு எழுந்ததும் பார்ப்பார். அது செத்த மாதிரி அடியில் கிடந்தது. ஒரு நாள் மூடியைத் திறந்தபோது ஒரு வீச்சம் அடித்தது. புட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அம்மையிடம் ஓடினார்.

"அம்மா, போயிடுச்சா?"

அம்மை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இன்னும் இல்லை. இப்போ இதுக்கு என்ன வேணும்?"

"இஞ்சியும் சர்க்கரையும்தான்."

"போடுங்க."

பொன்னுரங்கம் கூடையிலிருந்து இஞ்சியை எடுத்து அவசர அவசரமாகத் துருவினார். விரலையும் சேர்த்துத் துருவிக்கொண்டதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"அது சேலத்துச் சந்தையில வாங்கின இஞ்சி" என்றார் அம்மை. "எந்த ஊர்ல விளைஞ்சதோ. சோல்ஜரோட செடிக்கு ஆகுமா?"

"பசியில கிடக்குது, இப்போ போய் எந்த ஊரு இஞ்சின்னு பார்ப்பாங்களா? போடறவங்க போட்டா அது எடுத்துக்கும்மா!"

சொல்லிவிட்டு அவர் துருவலைப் போட்டார், சர்க்கரையைப் போட்டார், கலக்கினார். கலக்கிக்கொண்டே இருந்தவருக்குக் கை மெதுவாக நின்றது. அம்மையைத் திரும்பிப் பார்த்தார். அம்மை அங்கே இல்லை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

மறுநாளும் புட்டி சும்மாதான் கிடந்தது. அதற்கு அடுத்த நாள் காலையில் ஒரு குமிழி மேலே வந்து உடைந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பொன்னுரங்கம் அந்த இடத்தை விட்டு நகராமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஆசிரமத்தில் எல்லோருக்கும் அது ஆச்சரியமாக இருந்தது.

அமாவாசை வந்தது.

ஓடையில் தண்ணீர் முழங்கால் அளவு ஓடிக்கொண்டிருந்தது. பொன்னுரங்கம் உள்ளங்கையில் எள்ளை வைத்துக்கொண்டு கரையிலேயே நின்றார். அம்மை ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா."

"சொல்லுங்க."

"அய்யாவு. அவரோட அப்பன் சடையன். அவருக்கு அப்பன் சின்னான். மூணு பேரும் வாயில வந்து நிக்குது."

"அப்புறம் என்ன? இறங்குங்க."

அவர் இறங்கவில்லை.

"கொள்ளி வைக்கக்கூட ஆகாதவன்னு ஊரறிய ஒதுக்கிட்டாங்களேம்மா. நான் விடற தண்ணி அவருக்குப் போய்ச் சேருமா? நீ யாருடா எனக்குன்னு அவர் கேட்டுட்டா?"

அம்மை பாறையிலிருந்து எழுந்து வந்து, அவர் உள்ளங்கையில் தண்ணீரை ஊற்றினார்.

"மில் வாசல்ல உங்களை எடுத்தப்போ கேட்டாரா?"