கொக்கரப்பாளையம் எண்ணெய் மில்லில் ஒருவருக்கும் அடிபடாத கதை

கொக்கரப்பாளையத்துக்காரர்களைப் பற்றி அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வதையெல்லாம் நம்பாதீர்கள். அவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். மீதியையும் சேர்த்து நான் சொல்கிறேன்.

காங்கேயத்துக்குக் கிழக்கே இருக்கிற அந்த ஊரில் சென்னியப்பன் என்பவருக்குச் சொந்தமான தேங்காய் எண்ணெய் மில் ஒன்று உண்டு. மெஷின் கொட்டகையிலிருந்து முதலாளியின் ஆபீஸ் ரூமுக்குப் போகிற வழியில், மேலே போகிற எண்ணெய்க் குழாய் எப்போதும் சொட்டிக்கொண்டிருக்கும். கீழே தரை பளபளவென்று மின்னும். அதில் வழுக்கி விழாத ஆள் அந்த மில்லில் கிடையாது. பொங்கியண்ணனுக்கு முழங்கை பிசகியது அங்கேதான். பாவாயக்காவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதும் அங்கேதான். யாராவது விழுந்தால் மற்றவர்கள் ஓடிவந்து, "பாத்து வரக்கூடாதா?" என்று அக்கறையாகக் கேட்டுவிட்டு, அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள்.

இந்த மில்லில் மூட்டை தூக்குகிற திருமூர்த்திக்கு வெள்ளகோவிலில் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் பெயர் மரகதம். இருவருக்கும் பிடித்துப்போயிற்று. ஆனால் பெண்ணைப் பெற்ற ராமாத்தாள் விவரமான பொம்பளை. அந்த மில்லின் லட்சணம் அவள் காதுவரை போயிருந்தது. "வெள்ளிக்கெழமை மில்லுக்கே வந்து பாப்போம். மாப்பிள்ளை கை காலெல்லாம் முழுசா, கைல வேலையோட இருந்தா தாலி. இல்லீன்னா வேற எடம் பாத்துக்குவோம்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். திருமூர்த்திக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கிறது.

அந்த வாரம்தான் முதலாளி திருப்பூரில் ஒரு பாதுகாப்புக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தார். அங்கே கொடுத்த சாப்பாடு நன்றாக இருந்ததால் பேச்சையும் கேட்டிருக்கிறார். வந்ததும் எல்லோரையும் கூப்பிட்டார்.

"அடிபட்டதுக்கப்பறம் ஓடறது பழைய காலமாம். இனிமே நம்ம மில்லுல வேலை செய்யற ஒருத்தருக்கும் அடிபடக் கூடாது. அடிபடறதுக்கு முன்னாடியே செய்ய வேண்டியதைச் செஞ்சு போடோணும். தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்க" என்றார்கள். அவர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவருடைய பங்கு அன்றைக்கு அத்தோடு முடிந்தது.

மேஸ்திரி ராக்கியண்ணன் தலைமையில் உடனே கமிட்டி கூடியது. ராக்கியண்ணன் யோசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தூங்குவதுபோலத் தெரியும். உண்மையும் அதுதான்.

"அடிபட்டா நாம என்ன செய்வோம்?" என்று கண்ணைத் திறந்தார்.

"கட்டுப் போடுவோமுங்க" என்றான் பொங்கியண்ணன்.

"அதையே முன்னாடி செஞ்சுட்டா?"

இவ்வளவு சுலபமான விஷயம் இத்தனை நாள் தோன்றவில்லையே என்று எல்லோருக்கும் வெட்கமாக இருந்தது.

பாவாயக்கா மட்டும் ஒரு சந்தேகம் கேட்டாள். "ஏனுங்ணா, எந்தக் கால்ல அடிபடும்னு முன்னாடியே எப்படித் தெரியும்?"

"ரெண்டுலயும் கட்டிட்டா எதுல பட்டா என்ன?"

மில்லில் இருந்த வேட்டி, துண்டு, மெஷின் துடைக்கிற பழந்துணி அத்தனையும் கிழிபட்டது. எல்லோரும் கை கால்களில் கட்டோடு வேலைக்கு வந்தார்கள். முன்கூட்டியே நொண்டிப் பழகிவிட்டால் அப்புறம் சிரமம் இருக்காது என்று பாவாயக்கா சொன்னதால், காலையில் மில் திறந்ததும் வரிசையாக நின்று நொண்டினார்கள். பொங்கியண்ணன் ஒரு படி மேலே போய், வராத வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு மூட்டை மேலேயே படுத்துவிட்டான்.

முதலாளி ஹெல்மெட்டும் வாங்கி அனுப்பினார். அதற்கும் கமிட்டி கூடியது.

"இதைத் தலைல போடறதுன்னு சொல்றாங்க" என்றார் ராக்கியண்ணன். "நம்ம மில்லுல எவனாவது தலை குப்புற விழுந்திருக்கானா?"

யோசித்துப் பார்த்தார்கள். அந்த எண்ணெயில் கால் வைத்தவர்கள் எல்லோரும் மல்லாக்கத்தான் விழுந்திருக்கிறார்கள். முதல் அடி உட்காருகிற இடத்துக்குத்தான். எனவே ஹெல்மெட்டைப் பின்பக்கமாகக் கவிழ்த்து, இடுப்பில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டார்கள். டீ குடிக்க உட்கார்ந்தபோது எல்லோரும் முன்னும் பின்னும் ஆடினார்கள். டீ முழுக்கச் சட்டையில் கொட்டியது. ஆனாலும் பாதுகாப்பாக இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

திருமூர்த்தி விஷயத்தில் கமிட்டிக்குத் தனி அக்கறை. கல்யாண மாப்பிள்ளை அல்லவா? கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரு அங்குலம் விடாமல் சுற்றினார்கள். அவனால் கையை மடக்க முடியவில்லை, காலை எடுத்து வைக்க முடியவில்லை. கட்டிலில் கிடத்தி நாலு பேர் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள்.

"அண்ணா, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றான் அவன் படுத்தபடி. "அந்த எண்ணெயைத் தொடைச்சுட்டா என்னுங்க?"

ராக்கியண்ணன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "தம்பி, எண்ணெய் சிந்தி முடிஞ்சு போச்சு. முடிஞ்சதைப் புடிச்சுத் தொங்கறதுதான் பழைய காலம். நாம இனி நடக்கப் போறதைப் பத்தி மட்டுந்தான் யோசிக்கோணும்."

கட்டிலைத் தூக்கியிருந்த நால்வரும் தலையாட்டினார்கள். திருமூர்த்தியால் தலையையும் ஆட்ட முடியவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. ராமாத்தாள், அவள் புருஷன் வையாபுரிக் கவுண்டர், மரகதம் மூவரும் மில் வாசலில் வந்து இறங்கினார்கள். உள்ளே ஒரு கூட்டமே கட்டுப் போட்டுக்கொண்டு நொண்டுவதைப் பார்த்து ராமாத்தாள் நெஞ்சில் கை வைத்தாள்.

"அட சாமி! இத்தனை பேருக்குமா அடிபட்டிருக்குது?"

"ஒருத்தருக்கும் அடிபடலீங்க" என்று ராக்கியண்ணன் பெருமையாகச் சொன்னார். "அதுக்குத்தானுங்க கட்டு."

"மாப்பிள்ளை எங்கீங்க?"

எண்ணெய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து கட்டில் புறப்பட்டது. மேலே வெள்ளையாக ஒரு மூட்டை கிடந்தது. அதற்குள்ளிருந்து மாப்பிள்ளை, "வாங்க மாமா" என்றான். வையாபுரிக் கவுண்டர் பதறிப்போய் அவனைப் பார்க்க ஓடினார். எண்ணெயில் கால் வைத்தார். மல்லாக்க விழுந்தார். கணுக்கால் படக்கென்றது.

ராக்கியண்ணன் நிதானமாகக் கேட்டார்: "இவரு நம்ம மில்லுல வேலை செய்யறவரா?"

"இல்லீங்க."

"அப்பச் சரி."

எல்லோரும் மூச்சு விட்டார்கள். இரண்டு பேர் கைதட்டினார்கள். கவுண்டர் காலைப் பிடித்துக்கொண்டு, "ஒரு கட்டாச்சும் போடுங்கப்பா!" என்று கத்தினார்.

"கட்டு அடிபடறதுக்கு முன்னாடி போடறதுங்க" என்றாள் பாவாயக்கா வருத்தத்தோடு. "நீங்க ஒரு பத்து நிமிஷம் முன்னாடி வந்திருக்கோணும்."

இதற்குள் கட்டில் தூக்கியவர்களும் எண்ணெய்க்கு வந்துவிட்டார்கள். முன்னால் இருந்த இரண்டு பேருக்கும் கால் வழுக்கியது. கட்டில் சாய்ந்தது. திருமூர்த்தி உருளத் தொடங்கினான். மில்லில் வேலை செய்யும் ஒருவனுக்கு அடிபடப் போகிறது! ராக்கியண்ணனின் மூளை வாழ்நாளில் முதல்முறையாக வேகமாக ஓடியது.

"திருமூர்த்தி! உன்னை வேலையை விட்டு நிறுத்தியாச்சு!" என்று கத்தினார்.

கத்தி முடித்ததும் அவன் தரையில் விழுந்தான்.

கட்டைக் கத்தரித்துப் பார்த்தார்கள். அத்தனை துணி சுற்றியிருந்ததால் ஒரு கீறல் இல்லை. ராமாத்தாள் அவனுடைய கை, கால், பல் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "முழுசாத்தான் இருக்குது" என்றாள். மரகதம் முகம் மலர்ந்தது. ராமாத்தாள் உடனே, "வேலை?" என்றாள்.

"இப்பத்தானுங்க போச்சு" என்றார் ராக்கியண்ணன்.

"வேலையில்லாதவனுக்கு எம் பொண்ணைத் தர மாட்டேன். வா கண்ணு, போலாம்."

"அட, இருங்க! மறுபடியும் சேத்துக்கறோமுங்க. முதலாளி ரூமுக்குப் போயி நேர்ல ஒரு வார்த்தை கேட்டாப் போதும்."

முதலாளி ரூம் எண்ணெய்க்கு அந்தப் பக்கம். இந்தத் தடவை கட்டும் இல்லை. திருமூர்த்தி மரகதத்தைப் பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டு மெல்ல மெல்லக் கடந்து, ரூம் கதவைத் தட்டினான். "சேந்துக்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது. சந்தோஷத்தில் திரும்பி ஓடிவந்தவன் நடுவில் வழுக்கினான். ராக்கியண்ணன் தயாராக நின்றிருந்தார். "நிறுத்தியாச்சு!" என்றார். திருமூர்த்தி விழுந்தான். முழங்கால் சிராய்த்து ரத்தம் வந்தது. வேலையில் இல்லாதவனுடைய ரத்தம் என்பதால் கமிட்டி அதைக் கண்டுகொள்ளவில்லை.

மறுபடியும் எழுந்து போனான். மறுபடியும் சேர்த்துக்கொண்டார்கள். வரும்போது மறுபடியும் நிறுத்தினார்கள். இந்தத் தடவை முழங்கை. ராமாத்தாள், அவன் உடம்பில் இன்னும் என்னென்ன முழுசாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நின்றாள். திருமூர்த்தி மூன்றாவது தடவையாக எழுந்தான்.

மரகதத்துக்குப் பொறுக்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். கத்தரித்துப் போட்ட கட்டுத்துணி ராக்கியண்ணன் காலடியில் குவிந்து கிடந்தது.

"ஏனுங்க, அதுல ஒரு துணியை இப்பிடிக் குடுங்க. எண்ணெயை நானே தொடச்சர்றேன்."

ராக்கியண்ணன் துணியை அவசரமாக வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"நல்லாக் கேட்டீங்க போங்க! இது பாதுகாப்புக்குன்னு வெச்சிருக்கற துணியம்மா. தரையைத் தொடச்சா அழுக்காயிராது?"