ஏக்கத்தை அளந்த அறிக்கை

பிரசவம் பார்க்கப் பயிலும் எங்கள் மிட்வைஃபரி வகுப்பில் அறிக்கை எழுதக் கற்றுக்கொடுத்தவர் ஹெப்சிபா மேடம். ஒரே மகளைக் கனடாவுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு, சிவப்புப் பேனாவோடு எங்கள் மேல் பாய்ந்துகொண்டிருந்தார்.

என் வகுப்புத் தோழி இசக்கியம்மாள் தன் பிரசவ அறிக்கையில், "அந்தப் பெண் அம்மாவுக்காக ஏங்கினாள்" என்று எழுதிவிட்டாள். மேடம் எல்லோர் முன்னாலும் அந்த வரியை அடித்தார்.

"ஏக்கத்தை எந்தக் கருவியில அளந்தே? கண்ணால பார்த்ததை மட்டும் வச்சு ஒரு ஏக்கத்தை எழுதிட்டு வா. இல்லேன்னா ஃபெயில்தான்!"

"யாரோட ஏக்கம்னாலும் சரியா மேடம்?"

"யாரா இருந்தா என்ன?"

மறுநாள் இசக்கி வகுப்பில் எழுந்து வாசித்தாள்: "பாடம் நடத்துபவர் போனை மேசையில் கவிழ்த்து வைக்கிறார். கொஞ்ச நேரத்தில் நிமிர்த்தி வைக்கிறார். அது ஒளிர்ந்தால் பேச்சு பாதியில் நிற்கிறது. எடுத்துப் பார்க்கிறார். மறுபடி கவிழ்க்கிறார். பிறகு எங்களில் ஒருத்தியைத் திட்டுகிறார்."

மேடம் தாளை வாங்கி முழுக்கப் படித்தார். சிவப்புப் பேனா மூடியே இருந்தது.

"கடைசியில முடிவுன்னு ஒரு பகுதி வரணுமே, எங்கே?" மேடத்தின் குரல் இறங்கியிருந்தது.

"கனடாவுல இருந்து இன்னும் போன் வரலையே மேடம்."