ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றாவது கொக்கு

நெடுநெடுங்காலத்துக்கு முன்னே, கடல் இன்னும் ஒரு காதம் தள்ளியிருந்த நாளிலே, தென்மணலி என்றொரு பட்டணம் இருந்தது. அங்கே பிறந்த செங்கல் சூளைக்காரி பூவாத்தாள், அயல்தேசங்களில் கோட்டை கட்டப் போய், இருபது வருஷம் கழித்துத் திரும்பினாள்.

வழியெல்லாம் காதுக்குள் ஊர்ச் சத்தம்தான். கடைத்தெருவில் கருப்பங்கழி விற்பவனின் கூவல், குளத்தங்கரைச் சண்டை, வாசலில் நின்று தங்கை குஞ்சரம் போடும் கத்தல்: "யக்கா! சோறு ஆறுது!" அதை இன்னொரு தரம் கேட்கத்தான் வந்தாள்.

பட்டணத்தில் ஈ காக்கை இல்லை. ஏரிக்கரையில் மட்டும் கொக்குகள், வரிசை வரிசையாக. அதில் ஒன்று மெல்லக் கழுத்தைத் திருப்பியது.

"யக்கா," என்று கிசுகிசுத்தது. "நான் குஞ்சரம். மந்திரவாதி வக்கிரகேசனுக்குச் சத்தம் ஆகாதாம். ஊரையே கொக்காக்கிட்டான்."

"மீள வழி?"

"தினமும் பொழுது சாயறதுக்குள்ள அவன் எங்களைச் சம வரிசையா நிறுத்தணும். எல்லாரையும் ஒரே வரிசையா நிறுத்தினா ஆகாது, வரிசைக்கு ஒருத்தரா நிறுத்தினாலும் ஆகாது, ஒருத்தரையும் விடக்கூடாது. ஒருநாள் தவறினா மந்திரம் முறிஞ்சிடும். எங்கே தவறுது? ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு பேர். முப்பத்தாறு வரிசை, வரிசைக்கு இருநூற்று எழுபத்தேழு. கச்சிதம்!"

ஒன்று கூடினால்?

பூவாத்தாள் அத்தனை கூழாங்கல் பொறுக்கி, மேலே ஒன்று சேர்த்து, அடுக்கிப் பார்த்தாள். இரண்டு வரிசை: ஒன்று மிஞ்சியது. ஏழு வரிசை: ஐந்து மிஞ்சியது. தொண்ணூற்றேழு வரிசை: எழுபத்தொன்பது மிஞ்சியது. எந்த அடுக்கும் சமமாக வரவில்லை; நூறோடு நிறுத்திக்கொண்டாள். அதற்கு மேல் போனால் வரிசைக்கு நூறுகூடத் தேறாது; முன்னே பார்த்த அடுக்கையே திருப்பிப் போட்டதாகிவிடும். சூளைக்காரிக்குத் தெரியாதா?

மூன்றாம் நாள் மந்திரவாதி முன்னால் போய் நின்றாள். ஒரு கல் எண்ணிக்கை பிசகியிருந்தாலும் ஆயுசுக்கும் கொக்குதான்.

"ஐயா, என்னையும் கொக்காக்குங்க."

"தானா வந்து மாட்டுற முதல் ஆள் நீதான்! சத்தம் போடுவியோ?"

"இருபது வருஷமா பேச ஆளில்லாமத்தான் இருந்தேன்."

அவன் கோலை ஆட்டினான். பூவாத்தாள் வெள்ளைக் கொக்கானாள்.

பொழுது இறங்கியது. முப்பத்தாறு வரிசை நிறுத்தினான்: ஒரு கொக்கு மிஞ்சியது. வரவில்லை கணக்கு! ஐம்பத்தொன்பது வரிசை: இரண்டு மிஞ்சின. வரவில்லை கணக்கு! எண்பத்து மூன்று வரிசை: பதின்மூன்று மிஞ்சின. வரவே இல்லை கணக்கு!

"ஏ புதுக் கொக்கே, தொலைஞ்சு போ!"

"ஒருத்தரையும் விடக்கூடாதாமே, ஐயா?"

சூரியன் விழுந்தது. இறகுகள் பொலபொலவென்று உதிர்ந்தன. பட்டணமே ஒரே நேரத்தில் வாய் திறந்தது. மந்திரவாதி காதைப் பொத்திக்கொண்டு ஓடியவன்தான், எங்கே நின்றானோ.

பூவாத்தாள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். செங்கல் காய்ப்பு அப்படியே இருந்தது. அன்றைக்கு ஊரில் ஓர் அடுப்புகூடப் பற்றவைக்கவில்லை. ஆனாலும் குஞ்சரம் வாசலுக்கு ஓடி, இடுப்பில் கைவைத்து, தொண்டை கிழியக் கத்தினாள்:

"யக்கா! சோறு ஆறுது!"

அதற்கப்புறம் தென்மணலியில் யாரும் வரிசையில் நின்றதேயில்லையாம்.