உப்புத் தெருவில் ஒரு வெற்றுக் குடம்

இந்தக் கதையை நான் பல ஆண்டுகளாக முழுதாக நம்பியதில்லை. தண்ணீர் லாரிக்காகக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்து நின்ற ஒரு காலையில், எங்கள் தெரு மளிகைக்கடை வீரபாகு அண்ணாச்சி இதைச் சொன்னார். அவர் சொன்னபடியே சொல்கிறேன், கேளுங்கள்.

கப்பல்கள் பாய் விரித்து வந்த காலத்தில், கடலோரத்தில் ஒரு நகரம் இருந்தது. நாளுக்கு நாள் அது பெருத்துக்கொண்டே போனது. அதை ஆண்ட அரசன் குன்றின் மேல் ஏரி வெட்டினான். ஏரியிலிருந்து மண்ணுக்கடியில் சுடுமண் குழாய் பதித்தான். தெருவுக்கு ஒரு கல்தொட்டி கட்டினான். குழாயில் துளை போடுகிறவன் கடையை இழப்பான் என்று சட்டமும் போட்டான்.

குன்றடியில் மிளகு வணிகர்களின் தெரு. கடலோரத்தில், குழாய் முடிகிற இடத்தில், உப்புத் தெரு. அங்கே எங்கே தோண்டினாலும் உப்புநீர்தான். தொட்டியை விட்டால் அவர்களுக்கு வேறு கதியில்லை.

அந்த நகரத்தில் ஒரு வழக்கம். மணமகள் கணவனின் தெருத் தொட்டியில் ஒரு குடம் நீர் மொண்டு, இடுப்பில் சுமந்துகொண்டுதான் புகுந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்க வேண்டும். வேறு தெரு நீர் ஆகாது. குடம் நிறையாமல் உள்ளே போகவும் முடியாது, பிறந்த வீட்டுக்குத் திரும்பவும் முடியாது.

மிளகுத் தெருக் கீரனின் மகள் செள்ளையை உப்புத் தெரு நாகனுக்குக் கொடுத்தார்கள். தாலி ஏறியது. மேளத்தோடு ஊர்வலம் தொட்டிக்கு வந்தது. சில மாதங்களாகவே மெலிந்து ஒழுகிக்கொண்டிருந்த நீர் அன்று அடியோடு நின்றிருந்தது. தொட்டியில் பாசிகூடக் காய்ந்து கிடந்தது.

"ஏரி வற்றியிருக்கும்" என்றார் ஒருவர். ஆள் ஓடிப்போய்ப் பார்த்தான். ஏரி கரை தளும்பிக்கொண்டிருந்தது.

"குழாயில் வேர் அடைத்திருக்கும்" என்றார் இன்னொருவர். தொட்டி வாயில் நீளக் கழியை விட்டுப் பார்த்தார்கள். அடைப்பு இல்லை.

மூன்றாவதாக ஒரு குரல் எழுந்தது. "நேற்று வரைக்கும் சொட்டுச் சொட்டாவது வந்ததே. இவள் கால் பட்டதும் நின்றுவிட்டது. பெண்ணின் ராசி அப்படி!"

கூட்டம் முணுமுணுத்தது. இப்படி ஒரு பேர் வந்தால் ஆயுள் முழுக்க ஒட்டிக்கொள்ளும், போகாது. செள்ளை தலை குனிந்து நின்றாள்.

நாகனின் தாய் மாறாயி மட்டும் மருமகளின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். செள்ளை குடத்தை இரண்டு கையாலும் தாம்பூலத் தட்டைப் போல முன்னால் ஏந்தியிருந்தாள்.

"குடத்தை இடுப்பில் வை, தாயி."

செள்ளை வைத்தாள். குடம் வழுக்கியது. மறுபடி வைத்தாள். மறுபடியும் வழுக்கியது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"சம்பந்தி" என்றாள் மாறாயி. "உங்கள் பெண் குடமே தூக்கிப் பழகவில்லையே. உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் நடந்தா வருகிறது?"

"வேலைக்காரி சுமப்பாள்" என்றான் கீரன்.

"உங்கள் தெருவிலிருந்து வந்த பெண்கள் இத்தனை பேர் நிற்கிறார்களே. ஒருத்தி இடுப்பில் வைத்துக் காட்டட்டும்."

ஒருத்தியும் முன்னால் வரவில்லை.

செள்ளைக்குக் காரணம் தெரியும். கொல்லைச் சுவரோரம் மூங்கில் குழல் வழியாக இரவும் பகலும் விழுகிற நீரில் குளித்து வளர்ந்தவள் அவள். தகப்பனை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள்.

"விடுங்கள் அத்தை. என் ராசிதான்" என்றாள்.

ராசி என்று ஊரார் சொன்னபோது பொறுத்துக்கொண்டான் கீரன். மகளின் வாயால் கேட்டபோது பொறுக்க முடியவில்லை.

"இல்லை" என்றான். "என் வீட்டுக் கொல்லையில் குழாயைத் துளைத்து மூங்கில் செருகியிருக்கிறேன். விரல் பருமன்தான். இதனால் யாருக்கு என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன்."

பக்கத்து வீட்டுப் பூதன் பாய்ந்து வந்தான். "உனக்கென்ன பைத்தியமா? ஒரு விரல் மூங்கிலா இவ்வளவு பெரிய தொட்டியைக் காய வைக்கும்?"

"வைக்காதுதான்" என்றாள் மாறாயி. "உங்கள் தெருவில் எத்தனை விரலோ!"

பூதன் கூட்டத்துக்குள் பின்வாங்கினான்.

கீரன் குன்றடிக்கு நடந்தான். துளையை அடைக்கத்தான் போகிறான் என்று எல்லோருக்கும் புரிந்தது.

கொஞ்ச நேரத்தில் ஒருவர், கடையைப் பூட்டினேனா தெரியவில்லை என்று எழுந்து போனார். இன்னொருவர், மாட்டைக் கட்டாமல் வந்துவிட்டேன் என்று போனார். பூதன் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். மிளகுத் தெரு ஆண்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். பந்தியில் போட்ட இலைகள் காற்றில் படபடத்தன.

வெயில் தாழ்ந்தது. தொட்டி வாய் முதலில் காற்றாக உறுமியது. பிறகு சேறாகத் துப்பியது. பிறகு தெளிந்த நீர் கைப்பருமனுக்கு வந்து விழுந்தது. உப்புத் தெருக் குழந்தைகள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள்.

செள்ளை குடத்தை நிறைத்தாள். "இடுப்பைக் கொஞ்சம் ஒடி. கழுத்தைக் கையால் வளைத்துப் பிடி. விழுந்தால் விழட்டும், இனி தொட்டியில் தண்ணீர் இருக்கிறது" என்று மாறாயி கூடவே நடந்தாள். பாதிக் குடம் பட்டுப்புடவையில் சிந்தியது. மீதிப் பாதியோடு செள்ளை வாசல்படி ஏறினாள்.

கழன்று போனவர்கள் விருந்துக்குத் திரும்பி வந்து வயிறாரச் சாப்பிட்டார்கள். கீரன் அரசனிடம் தானே போய்ச் சொன்னான், கடையை இழந்தான். பிறகு உப்புத் தெருத் தொட்டிக்கருகே சாக்கு விரித்து மிளகு விற்றானாம். மற்றவர்களை யாரும் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

ஊருக்குப் பொதுவான நீரை மறைவாக எடுப்பவன், தன் துளை எவ்வளவு சிறியதானாலும், கண்ணுக்குத் தெரியாத யாரோ ஒருவரின் குடத்தைக் காலி செய்கிறான். இதுதான் இந்தக் கதை சொல்லும் நீதி.

கீரன் வாய் திறந்ததை நான் நம்புகிறேன். மற்றவர்கள் வெட்கப்பட்டு ஓடியதையும் நம்புகிறேன். அடைத்த துளைகளை அவர்கள் அப்படியே விட்டிருப்பார்கள் என்று நம்பத்தான் மனம் மறுக்கிறது. போன வாரம், அதே லாரிக்கு அதே வரிசையில் நின்றபோது, அண்ணாச்சியிடம் கேட்டேவிட்டேன்:

"அண்ணாச்சி, கல்யாணத்துக்கு மறுநாள் அந்தத் தொட்டியில் தண்ணீர் வந்ததா?"